ஆட்டின் மூக்கு உயரம்

செந்திலுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நீ நலமாக இருப்பது உன் அம்மாவின் போனிலேயே தெரிகிறது. காலையில் ஆன்லைனில் வருகிறாய், மத்தியானம் வருகிறாய், சாயங்காலம் யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்துப் போடுகிறாய். நான் கூப்பிட்டால் மட்டும் உன் போன் அடித்து அடித்து ஓய்ந்துபோகிறது. போனை எடுக்காதவனுக்குக் கடிதம்தான் போட முடியும். அதையும் உறையில் வைத்து ஒட்டி அனுப்பினால், அப்பாவின் கையெழுத்து என்று தெரிந்ததுமே மேசை இழுப்பறையில் தள்ளிவிடுவாய். எனக்கு உன்னைத் தெரியும். உன் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அதனால் இதைக் குன்னூரில் அச்சாகும் ஒரு சின்ன வாரப் பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டேன். நீ கையெழுத்துப் போட வேண்டிய திங்கட்கிழமைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, அதற்குள் வந்துவிடும் என்றார்கள். யாராவது படித்துவிட்டு, "இது உங்க அப்பாவா?" என்று உன்னிடம் கேட்பார்கள். கேட்கட்டும். உனக்கு அவமானமாக இருந்தால் கடைசிவரை படி. இதில் உன்னைப் பற்றிச் சொல்லியிருப்பதைவிட என்னைப் பற்றிச் சொல்லியிருப்பதுதான் கேவலம்.

முதலில் சின்னக் கோபத்தைத் தீர்த்துக்கொள்கிறேன். கோயமுத்தூரில் ஒரு காலேஜில் நீ பேசிய பேச்சைப் பக்கத்து வீட்டுப் பையன் போனில் போட்டுக் காட்டினான். "எங்கப்பா டீ ஃபேக்டரில அடுப்புக்கு விறகு தள்ளினவரு. வாழ்க்கை பூரா கார்பன் டை ஆக்சைடை வானத்துக்கு அனுப்பினாரு. அதை நான் திரும்ப பூமிக்குள்ள அனுப்பிட்டு இருக்கேன்" என்கிறாய். எல்லோரும் கைதட்டுகிறார்கள். அப்பன் செய்த பாவத்துக்கு மகன் பரிகாரம் செய்கிற மாதிரி. நான் எரித்தது தோட்டத்திலேயே வளர்த்து வெட்டிய கற்பூர மரம், அதாவது யூகலிப்டஸ், சோலைக் காடு இல்லை. நான் விறகு தள்ளியது நாலு வருஷம், அதற்குப் பிறகு ரிட்டயர் ஆகும்வரை தேயிலையைக் காயவைக்கும் டிரையர் என் பொறுப்பு. டிரையர் வாயில் கையை நீட்டினால் சூடு கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று சொல்வேன், அதன் பிறகுதான் மற்றவர்கள் தெர்மாமீட்டரைப் பார்ப்பார்கள். எட்டாவதோடு நின்றவன்தான். ஆனால் ஊட்டியில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய பௌதிக, ரசாயனப் புத்தகத்தை அட்டை பிய்ந்துபோகிற அளவுக்குப் படித்தவன். ஃபேக்டரியில் எனக்கு வைத்த பெயர் புஸ்தகக்காரர். "விறகு தள்ளினவர்" என்று சொன்னால் கைதட்டு வரும், "படித்தவர்" என்று சொன்னால் வராது. அதனால் என்னைச் சின்னதாக்கி மேடையில் வைத்தாய். இது சின்னக் கோபம். இதோடு விட்டேன்.

பெரிய கோபத்துக்கு வருகிறேன். நீ லீவில் வந்திருந்தபோது உன் வேலை எனக்குப் புரியாது என்று மூன்று தடவை சொன்னாய். புரிந்ததைச் சொல்கிறேன், தப்பிருந்தால் திருத்து. பூமிக்குள் ஆழமாகப் போகப் போகப் பாறை சூடாகிக்கொண்டே போகிறது. அந்தச் சூட்டை மேலே கொண்டுவந்தால் விறகும் நிலக்கரியும் இல்லாமல் மின்சாரம் எடுக்கலாம். ஆனால் சூடு தானாக நடந்து வராது, அதைச் சுமந்து வர ஒன்று வேண்டும். எங்கள் ஃபேக்டரியில் அடுப்பு நெருப்பு தேயிலையைத் தொடவே தொடாது. நெருப்பு இரும்புக் குழாய்களைச் சூடாக்கும், குழாய்களைச் சுற்றி ஓடும் காற்று அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு டிரையருக்குப் போகும், தூள் காயும். காற்றுதான் அங்கே சுமைதூக்கி. பூமிச் சூட்டைச் சுமக்க மற்ற இடங்களில் தண்ணீரை இறக்குகிறார்கள். தண்ணீர் பாறையைக் கரைத்துக்கொண்டு வந்து குழாயில் உப்பாகப் படிகிறது, தள்ளுவதற்குப் பெரிய பம்பு வேண்டியிருக்கிறது, இருக்கிற தண்ணீரும் போகிறது. நீங்கள் தண்ணீருக்குப் பதிலாகக் கார்பன் டை ஆக்சைடை இறக்குகிறீர்கள். எங்கள் காலத்துப் புத்தகத்தில் அதற்குக் கரியமில வாயு என்று பெயர், நான் அப்படித்தான் எழுதுவேன். அந்த ஆழத்தின் அழுத்தத்தில் அது வாயுவாகவும் இல்லாமல் திரவமாகவும் இல்லாமல் நடுவில் நின்று, பாறை இடுக்குகளில் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. குளிர்ந்தது கனத்துத் தானே இறங்குகிறது, சூடானது லேசாகித் தானே ஏறுகிறது. ஒரு பங்கு உள்ளேயே தங்கிவிடுகிறது, அவ்வளவு புகை வானத்துக்குப் போகாமல் மிச்சம். முப்பத்தாறு வருஷம் சூட்டோடு குடும்பம் நடத்தியவன் சொல்கிறேன், இது அருமையான யோசனை. இதை எதிர்க்கிற கிழவன் என்று என்னை யாரிடமும் சொல்லாதே.

நீ குளிக்கப் போயிருந்தபோது உன் லேப்டாப் சாப்பாட்டு மேசையில் திறந்து கிடந்தது. அதில் இருந்த ரிப்போர்ட்டைப் படித்தேன். திருட்டுத்தனம்தான், மன்னிப்புக் கேட்க மாட்டேன். கடலோரச் சமவெளியில் உங்கள் சைட், அதைச் சுற்றி எப்போதோ எண்ணெய்க்காகத் தோண்டி மூடிய பழைய கிணறுகள், நீங்கள் சோதனைக்காக மூன்று வாரம் வாயுவை இறக்கியது, அதன் பிறகு நடந்த ஊர்க்கூட்டம், எல்லாம் இருந்தது. தமிழில் இருந்த கூட்டக் குறிப்பின்படி ஒரு பெண் எழுந்து, எங்க ஓடைக்குள்ள கெட்ட காத்து உக்காந்திருக்கு, மூணு ஆடு செத்துப்போச்சு என்று சொல்லியிருக்கிறாள். அதை நீ ஆங்கிலத்தில் ஒரே வரியில் முடித்திருந்தாய். எனக்குத் தெரியாத வார்த்தை ஒன்று இருந்தது, அகராதியைப் பார்த்தேன். மூடநம்பிக்கை என்று போட்டிருந்தது. மூடநம்பிக்கை காரணமான அச்சம், விழிப்புணர்வு முகாம் நடத்தப்பட்டது, வேறு ஆட்சேபம் இல்லை. கீழே பொறுப்பு அதிகாரியின் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது, பக்கத்தில் அந்தத் திங்கட்கிழமையின் தேதி. அந்த அதிகாரி நீ.

நீ தலையைத் துவட்டிக்கொண்டு வந்தாய். நான் கேட்டேன். நம் பேச்சை நீ மறந்திருந்தாலும் நான் மறக்கவில்லை.

"ஆடு செத்ததுன்னு ஒரு அம்மா சொன்னாங்களே, அதுக்கு என்ன பண்ணினே?"

"அதுங்களாப்பா? அது பேய்க் கதைங்க. கெட்ட காத்து, கருப்பு, முனி. கேஸ் மீட்டர்ல ஒண்ணுமே காட்டலைங்க."

"மீட்டரை எங்க வெச்சிருக்கே?"

"கம்பத்துலதான்."

"எத்தனை உயரம்?"

"ஆள் உயரமுங்க. எல்லாரும் வெக்கிற உயரம்."

"ஆடு எத்தனை உயரம்?"

நீ சிரித்தாய். "ஏனுங்கப்பா, ஆட்டுக்குத் தனியா ஒரு மீட்டரு வெக்கச் சொல்றீங்களா?" சமையலறையில் உன் அம்மாவும் சிரித்தாள். நான் விடவில்லை. இறக்கிய வாயு மேலே கசிந்து வரப் பழைய கிணறு ஒன்று போதும், அதையெல்லாம் அடைத்தாயா என்று கேட்டேன். மேப்பில் இருப்பதையெல்லாம் சிமென்ட் போட்டு அடைத்தாயிற்று என்றாய். மேப்பில் இல்லாதது என்றேன். "மேப்புலயே இல்லாததை எப்படிங்கப்பா அடைக்கிறது?" என்றாய். அதைத்தான்டா நானும் கேட்கிறேன் என்று மேசையில் அடித்தேன், டம்ளர் உருண்டது. அப்போதுதான் நீ அந்த வார்த்தையைச் சொன்னாய். "நீங்க எட்டாவதுங்கப்பா. விடுங்க." மறுநாள் காலை, இரண்டு நாள் லீவு மிச்சம் இருக்கும்போதே பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய்.

எட்டாவது படித்தவன் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன் கேள். நீ வந்திருந்த அதே வாரம்தான் உறைபனி விழுந்தது. மேட்டுத் தேயிலை பச்சையாக நிற்க, பள்ளத்துத் தேயிலை மட்டும் வறுத்த மாதிரி கருகிக் கிடந்ததை நீயும் பஸ்ஸிலிருந்து பார்த்திருப்பாய். ஒரே தோட்டம், ஒரே இரவு, ஒரே குளிர். குளிர்ந்த காற்று கனமானது, காற்று அசையாத நேரத்தில் தண்ணீர் மாதிரி வழிந்து போய்ப் பள்ளத்தில் தேங்கும், தேங்கிய இடத்தைக் கருக்கும். மேட்டில் ஒரு தெர்மாமீட்டரை மாட்டிவிட்டு, பனியே விழவில்லை என்று எழுதினால் எந்தத் தோட்டத்துரை ஒப்புக்கொள்வார்? கரியமில வாயு அதைவிடக் கனம். கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்குத் தெரியாது. விடியற்காலையில் காற்று நின்றிருக்கும்போது ஓடைக்குள் முழங்கால் அளவு தேங்கினால், தலையைக் குனிந்து மேய்கிற ஆடு படுத்துவிடும். ஆட்டைத் தேடி வந்த அந்த அம்மாள் நின்றுகொண்டிருப்பாள், அவளுக்கு ஒன்றும் ஆகாது. ஆள் உயரத்தில் இருக்கிற உன் மீட்டருக்கும் ஒன்றும் ஆகாது. வெயில் ஏறிக் காற்று வீசினால் அடையாளமே இருக்காது, பத்து மணிக்குக் காரில் வந்து இறங்குகிற அதிகாரிக்கு அது பேய்க் கதைதான்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருக்க வேண்டும். நீ கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அன்றைக்குச் சொல்லியிருக்க மாட்டேன். முப்பத்துமூன்று வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை.

உன் ஆறுமுகம் மாமா, உன் அம்மாவின் தம்பி, நீ பிறப்பதற்கு முன்னால் கிணற்றில் தவறி விழுந்து இறந்துபோனார் என்றுதான் உனக்குத் தெரியும். அவன் தவறி விழவில்லை. கேத்திப் பள்ளத்தாக்கில் அவன் கேரட்டும் முட்டைக்கோசும் போட்டிருந்தான், குத்தகை நிலம். அதன் மூலையில் புழக்கத்தில் இல்லாத ஒரு கிணறு, விலைபோகாத கேரட்டையும் கோசு இலையையும் அதில்தான் வருஷக்கணக்காகக் கொட்டுவார்கள். அந்தக் கோடையில் தண்ணீர் இல்லை. கிணற்றைச் சுத்தம் செய்துவிடலாம் என்று முடிவு செய்தான். ஞாயிற்றுக்கிழமை, எனக்கு ஃபேக்டரி லீவு, உதவிக்குப் போனேன். அப்போது கேரட் கழுவ மெஷின் கிடையாது, பெண்கள் ஓடைத் தண்ணீரில் காலால் மிதித்துக் கழுவுவார்கள். அந்த வேலைக்கு வந்த மாரி என்கிற பெண், இருபது வயதுகூட இருக்காது, கயிற்றைப் பார்த்துவிட்டு ஓடையிலிருந்து ஏறி ஓடி வந்தாள்.

"ஏனுங்கண்ணா, அதுல எறங்க வேண்டாமுங்க. கெட்ட காத்து உக்காந்திருக்குதுங்க. போன வாரம் நாய் ஒண்ணு உளுந்து சத்தமே இல்லாமப் போச்சுங்க. எறங்குனா உசுரு போயிருமுங்க."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உக்காந்திருக்கிற காத்துக்கு எத்தனை கண்ணு மாரி? பல்லு இருக்குதா?" ஆறுமுகம் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "பேயி கேரட்டுத் திங்க வந்திருக்கும் மச்சான், நமக்கும் ரெண்டு மிச்சம் வெக்கட்டும்" என்று கயிற்றைப் பிடித்தான்.

இங்கேதான் நீ நிறுத்திப் படிக்க வேண்டும். நான் கரியமில வாயு என்றால் என்னவென்று தெரியாதவன் இல்லை. ஆயுத பூஜை அன்றைக்கு ஃபேக்டரியில் நான் வருஷா வருஷம் ஒரு வித்தை காட்டுவேன். ஒரு டம்ளரில் சோடா உப்பைப் போட்டு எலுமிச்சம்பழம் பிழிவேன், நுரைத்து அடங்கியதும் டம்ளரைச் சாய்த்து, கண்ணுக்குத் தெரியாத ஒன்றை மெழுகுவத்தியின் மேல் ஊற்றுவேன். வத்தி அணையும். ஜனங்கள் ஓவென்று கத்துவார்கள். "இதுதான் கரியமில வாயு, காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தங்கும், நெருப்பையும் அணைக்கும் உயிரையும் அணைக்கும்" என்று புத்தகத்தில் இருந்ததை வரி பிசகாமல் சொல்வேன். அழுகுகிற பொருளிலிருந்து அது வரும் என்பதும் அதே பக்கத்தில் இருந்தது. எல்லாம் தெரியும். மாரி அதைக் கரியமில வாயு என்று சொல்லியிருந்தால் கிணற்றுப் பக்கமே ஒருவரையும் விட்டிருக்க மாட்டேன். அவள் கெட்ட காத்து என்றாள். கனமானது என்று சொல்லாமல் உக்காந்திருக்குது என்றாள். நான் படித்ததும் அவள் பார்த்ததும் ஒரே பொருள் என்று என் மண்டையில் ஏறவில்லை. படிக்காதவள் வாயிலிருந்து வந்ததால் அது பேயாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் தீர்மானித்துவிட்டேன். ஒரு விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்க்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

இரண்டு ஆள் ஆழம் இறங்கியதும் ஆறுமுகம் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். தூக்கம் வந்தவன் பார்ப்பது மாதிரி இருந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தான், கை கயிற்றை விட்டுவிட்டது. நான் பின்னாலேயே இறங்கக் காலை விட்டேன். மாரி என் இடுப்பைக் கட்டிப் பிடித்துப் பின்னால் இழுத்து மண்ணில் சாய்த்தாள். அவளை அடித்தேன், கையைக் கடித்தேன், விடவில்லை. "நீங்களும் போயிருவீங்கண்ணா, நீங்களும் போயிருவீங்க" என்று அலறிக்கொண்டே தீயணைப்பு வண்டி வரும்வரை என்மேல் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு உன் அம்மா அரவேணுவில் வீட்டில் இருந்தாள், உன்னை ஏழு மாதம் சுமந்துகொண்டு.

விசாரிக்க வந்தவர் என்னிடம் கேட்டார், "எறங்க வேண்டாம்னு யாராச்சும் தடுத்தாங்களா?" இல்லைங்க என்றேன். "அந்தப் பொண்ணு ஏதோ சொன்னாளாமே?" என்றார். ஆமாம், சொன்னாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் சிரித்ததும் வெளியே வரும். புஸ்தகக்காரன், மெழுகுவத்தி அணைக்கிறவன், மச்சினனைக் கிணற்றில் இறக்கிக் கொன்றான் என்று ஆகும். வயிற்றுப்பிள்ளையோடு இருக்கிறவள் என் முகத்தில் இனி விழிப்பாளா என்ற பயம். நான் சொன்னது இது: "அவ தடுக்கலைங்க. எறங்குனா உசுரு போயிரும்னு வாய் வெச்சா." அவர் எழுதிக்கொண்டார். கீழே நான் கையெழுத்துப் போட்டேன், தமிழில், முழுப் பெயரும்.

அந்த ஒரு சொல்லில் ஒரு எச்சரிக்கை சாபமாகிவிட்டது. பேயை நம்பாதவன் நான், ஆனால் ஊர் பேயை நம்புவது எனக்கு அன்றைக்குச் சௌகரியமாக இருந்தது. கேத்தியில் அவளைக் கருநாக்கு என்றார்கள். அவள் கழுவின கேரட் மூட்டையை வண்டியில் ஏற்ற மாட்டேன் என்றார்கள். ஒரு மாதத்தில் வேலை போயிற்று, பெண் பார்க்க வருவதாக இருந்தவர்களும் வரவில்லை. பிறகு அரவேணுப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கச் சேர்ந்தாள். எத்தனை வருஷம் ஒரே பஸ்ஸில் போயிருக்கிறோம் தெரியுமா? அவள் ஏறினால் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். என் உயிரைப் பிடித்து நிறுத்திய கை பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் தலைக்கு மேல் நின்றுகொண்டு வரும். ஒரு நாளும் அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

நீ கோபித்துக்கொண்டு போன அன்றைக்குச் சாயங்காலம் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிறுத்தாமல் நறுக்கி முடித்தாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள். "அவ சொன்னது ஆறுமுகத்துக்குக் காதுல உளுந்துச்சா?"

"உளுந்துச்சு."

"அப்புறம் ஏன் எறங்கினான்?"

"நான் சிரிச்சேன். அவனும் சிரிச்சான்."

அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள். சோறு போடுவாள், தண்ணீர் வைப்பாள், அவ்வளவுதான். நாலாம் நாள் என்னிடம் சொல்லாமல் மாரி இருக்கும் எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டைத் தேடிப் போனாள். திரும்பி வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள், "நீங்க எங்கிட்டச் சொன்னா பத்தாதாம். அவகிட்டச் சொன்னாலும் பத்தாதாம். கேத்தில, கேரட் கழுவற எடத்துல வந்து சொல்லோணுமாம்."

போன ஞாயிற்றுக்கிழமை போனேன். மாரி ஒரு பக்கம், உன் அம்மா ஒரு பக்கம், நடுவில் நான். இப்போது அங்கே பெரிய மெஷின் சுற்றுகிறது, அந்தச் சத்தத்தில் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. இந்த அம்மா வாய் வைக்கவில்லை, வேண்டாம் என்று தடுத்தாள், நான் கேட்டுச் சிரித்தேன், பிறகு பொய் எழுதிக் கையெழுத்துப் போட்டேன் என்று சொன்னேன். பாதிப் பேர் நேற்று வந்த பிள்ளைகள், யார் இந்தப் பெரியவர் என்று பார்த்தார்கள். ஒருத்தன் மெஷினை நிறுத்தக்கூட இல்லை. அந்தக் காலத்து ஆள் ஒருவர் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார், "முப்பது வருஷம் கழிச்சுங்களா ஞாபகம் வருது? நல்ல புஸ்தகமுங்க உங்களுது!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டியதுதான், வாங்கிக்கொண்டேன். மாரி சிரிக்கவில்லை. திரும்பும்போது, "சரிங்க. இனி பஸ்ஸுல மூஞ்சியத் திருப்பாதீங்க" என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இதை எழுதுவது என் மனச்சுமையை இறக்கிவைக்க என்று நினைத்துவிடாதே. எனக்குக் கோபம் ஆறவில்லை, எழுத எழுத ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. நான் அன்றைக்குச் செய்த அதே அயோக்கியத்தனத்தை, அதே வார்த்தையைக் கேட்டுவிட்டு, நீ நல்ல ஆங்கிலத்தில் செய்திருக்கிறாய். என்னிடமாவது ஒரு பழைய புத்தகம்தான் இருந்தது. உன்னிடம் மீட்டர் இருக்கிறது, ஆள் இருக்கிறார்கள், கார் இருக்கிறது, மூன்று வாரம் இருக்கிறது. நான் சிரித்தபோது ஒருத்தன் இறங்கினான். நீ சிரித்துவிட்டு இறக்கப்போவது சோதனைக்கு இறக்கிய கொஞ்சம் வாயு இல்லை, முழு வேகத்தில், வருஷக்கணக்கில். அந்த ஓடையில் ஆடு மட்டுமா இறங்குகிறது? துணி துவைக்க உட்காருகிறவள் எத்தனை உயரம்? விளையாடுகிற குழந்தை எத்தனை உயரம்?

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அந்த அம்மாளைத் தேடிப் போ, காரை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டு நடந்து போ. ஆடு எங்கே செத்தது என்று காலால் மிதித்துக் காட்டச் சொல். மீட்டரைக் கம்பத்திலிருந்து இறக்கி அந்த இடத்தில் ஆட்டின் மூக்கு உயரத்தில் வை. விடியற்காலையில், காற்று நின்றிருக்கும்போது பார், ஒரு நாள் இல்லை, பத்து நாள் பார். ஆளை இறக்காமல் கருவியை இறக்கு. மேப்பில் இல்லாத கிணறு எங்கே இருக்கிறது என்று ஊரில் வயதானவர்களைக் கேள், அவர்களுக்குத் தெரியும், உன்னைப் போன்றவர்கள் கேட்டதில்லை, அவ்வளவுதான். அவர்கள் கெட்ட காத்து என்று சொன்னால் திருத்தாதே. உன் ரிப்போர்ட்டில் அந்த மூடநம்பிக்கை வரியை அடித்துவிட்டு, எங்களுக்கு இன்னும் தெரியவில்லை என்று எழுது. அப்படி எழுதினால் உன் ஆபீசில் உன்னை முட்டாள் என்பார்கள், வேலை தள்ளிப்போகும், உன் பதவி உயர்வும் தள்ளிப்போகும். போகட்டும். அந்தப் பாறை எத்தனையோ காலமாகச் சூடாகத்தான் இருக்கிறது, இன்னும் ஆறு மாதத்தில் ஆறிவிடாது.

பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று தெரிந்தால் தாராளமாகக் கையெழுத்துப் போடு. நான் சொன்னது தப்பு என்று இதே பத்திரிகையில் எழுதிக் கொடுக்கிறேன், உன் அடுத்த பேச்சில் என்னை விறகு தள்ளினவன் என்றே சொல்லிக்கொள். பார்க்காமல் போட்டாயானால், இந்தக் கடிதத்தை அந்த ஊர்ப் பஞ்சாயத்தில் நானே படித்துக் காட்டுவேன். மேட்டுப்பாளையம் இறங்கி ரயில் பிடிக்க வேண்டும் என்று விசாரித்துவிட்டேன். எப்படியும் அந்தத் திங்கட்கிழமை காலையில் நான் அந்த அம்மாள் பக்கத்தில் ஓடைக்கரையில் உட்கார்ந்திருப்பேன். சைட்டுக்குப் போகும்போது கார் கண்ணாடியை இறக்கிப் பார்.

உன் அம்மாவை வர வேண்டாம் என்றுதான் சொன்னேன். முட்டிவலிக்காரி, இந்தக் குளிரிலேயே இருந்தவளுக்கு அந்த ஊர் வெயில் ஆகாது, நீ வீட்டில் இரு, நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன். இப்போதே பெட்டியில் சேலையை மடித்து வைத்துக்கொண்டே சொன்னாள்:

"ஒருக்கா நான் ஊட்டுல இருந்தது போதுமுங்க."

அப்பா
அரவேணு